மாதிரிப் பக்கத்தில் என் பெயர்

9 பிப்ரவரி 1999, செவ்வாய்

மதியம் வரை மின்சாரம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் மூன்று இருண்ட திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கீழே டயர் கடையில் மட்டும் வேலை நடந்தது.

சும்மா இருக்கிறேன் என்று தம்பி கௌரி எனக்கு ஒரு வேலை கண்டுபிடித்தான். எங்கள் கம்பெனியின் சொந்தத் தளத்தில் 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் வேண்டுமாம். "நம்ம ஹிஸ்டரி, நம்ம கல்ச்சர், ரெண்டும் வரணும் அக்கா. அமெரிக்காவுல எல்லாரும் போடறாங்க."

சரித்திரம் என்ன இருக்கிறது? தொண்ணூற்றேழில் என் தம்பி அச்சுக்கோர்ப்புக்கு வைத்திருந்த கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்து, மண்டி மொஹல்லாவில் இந்த மாடி அறையைப் பிடித்து, வெப் டிசைன் என்று பலகை மாட்டினான். பல்கலைக்கழகப் பதிப்புப் பிரிவில் பிழை திருத்திக்கொண்டிருந்த நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எழுத்துப் பொறுப்புக்கு வந்தேன். பக்கங்களைக் கட்ட சுஷ்மா வந்தாள். ஒரே ஒரு தொலைபேசி. இன்டர்நெட் போட்டால் போன் வராது. இவ்வளவுதான் சரித்திரம்.

பண்பாடு? அது என் பிடிவாதம் ஒன்றுதான். முதல் தளம் ஒரு லாட்ஜுக்குச் செய்தோம். முதலாளி எழுதித் தராததால் பக்கங்களை அர்த்தமில்லாத லத்தீன் வார்த்தைகளால் நிரப்பி வைத்திருந்தோம். அப்படியே வெளியே போய்விட்டது. ஜெர்மனியிலிருந்து ஒருவர், உங்கள் ஊர் மொழி லத்தீனுக்கு இவ்வளவு நெருக்கமா என்று விசாரித்து எழுதினார். அன்றோடு பொய் எழுத்து நிறுத்தம். மாதிரிப் பக்கமானாலும் உண்மையான ஆள், உண்மையான விவரம் என்று விதி போட்டேன். உண்மையாக இருந்தால் யாராவது படிப்பார்கள். படித்தால் பிழை தெரியும்.

இதைப் பண்பாடு என்று எழுதினால் சிரிப்பார்கள். ஒத்திப்போட்டேன்.

11 பிப்ரவரி, வியாழன்

சித்தையன் வந்தார். கொள்ளேகால் பக்கத்துக்காரர், தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை. அவர் பெண் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே இருப்பவர்களுக்கு ஊரில் செய்ய வேண்டிய நினைவு நாட்கள் தவறிப்போகின்றன. அவர்களுக்காக இவர் மாலை, பூஜை, அன்னதானம் எல்லாம் இங்கே செய்துவிடுவார். இறந்தவர் பெயரில் இன்டர்நெட்டில் ஒரு நினைவுப் பக்கமும் உண்டு.

"அங்க ஒக்காந்து பொத்தானை அமுக்குனா, இங்க மாலை விழுகோணுமுங்க."

துக்கத்தைப் பொத்தானில் முடித்துக்கொள்ள இவ்வளவு பேர் இருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். கௌரிக்கு இல்லை.

பக்கத்தில் படம், பிறந்த தேதி, இறந்த தேதி, வாழ்க்கைக் குறிப்பு, 'துயரில் இருப்போர்' என்று ஒரு கட்டம். கடைசியில் பார்ப்பவர்கள் தாங்களே இரங்கல் எழுத கெஸ்ட் புக். சரி, மாதிரிக்கு யாரை வைப்பது? அப்பாவை வைக்கலாம் என்றேன். அப்பாவை வைத்து வியாபாரம் செய்ய மாட்டேன் என்று கௌரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சித்தையனின் அப்பா போட்டோவே எடுத்துக்கொண்டதில்லையாம். யாரோ ஒரு பெயரைக் கற்பித்துவிடலாம் என்றார்கள். என் விதி இடித்தது. உயிரோடு இருப்பவர் யாராவது தன் பெயரைக் கொடுங்கள் என்றதும் சுஷ்மா நாற்காலியோடு பின்னால் போனாள். "அய்யோ பேடா, வேண்டாம் மேடம். எங்கம்மா கொன்னுடுவாங்க."

என் பெயரை வையுங்கள் என்றேன்.

சித்தையன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "வேண்டாமுங்க அம்மிணி. வாயால சொல்றதே தப்பு."

வார்த்தைக்கு உயிரை எடுக்கிற சக்தி இருந்தால் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்றேன். கௌரி மட்டும் சிரித்தான்.

12 பிப்ரவரி, வெள்ளி

எழுதி முடித்தேன். பிறந்த தேதி உண்மை. படிப்பு, வேலை, யாதவகிரி வீடு எல்லாம் உண்மை. இறந்த தேதிக்கு ஜனவரி ஒன்று. துயரில் இருப்போர்: தம்பி கௌரிசங்கர், தம்பி மனைவி மனிஷா.

சுஷ்மா திரையைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்குத் தங்கை ஒருத்தர் இருக்காங்கன்னு சார் சொன்னாரே?"

கட்டத்தில் இடம் இல்லை என்றேன்.

இடம் இருந்தது. அம்மா படுத்துக் கிடந்தபோதும் போனபோதும் ஹம்ஸா அமெரிக்காவிலிருந்து வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கௌரிக்கு மட்டும் புது வருட வாழ்த்து அட்டை வரும். இதை ஒரு மாதிரிப் பக்கத்தில் எதற்கு இழுப்பது?

1 மார்ச், திங்கள்

தளம் வெளியே போயிற்று. கம்ப்யூட்டர் முன்னால் தேங்காய் உடைத்து, இளநீர் விசைப்பலகையில் தெறித்து, சுஷ்மா துணியோடு ஓடினாள். அனுப்பும்போது லைன் பலமுறை அறுந்தது. கடைசியில் எல்லாம் போய்விட்டது என்று கௌரி இணைப்பைத் துண்டித்தான். பிறகு வழக்கம்போல எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தோம். வெளியே போனதைப் பார்க்க மறுபடி லைன் போட வேண்டும். அதுவரை போன் செத்துக் கிடக்கும். அதனால் எப்போதும் இப்படித்தான்.

என் பக்கம் நன்றாக இருந்தது. சுஷ்மா படத்துக்குச் சம்பங்கி மாலை வரைந்திருக்கிறாள். படத்தின் குறுக்கே சிவப்புப் பட்டையில் 'இது மாதிரி மட்டுமே' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். தமிழ் எழுத்து அங்கே தெரியாது என்பதால் பட்டையையே ஒரு படமாகச் செய்தோம்.

சித்தையன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

9 மார்ச், செவ்வாய்

சித்தையனின் மருமகன் நியூஜெர்சியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தளத்தைக் காட்டுகிறாராம். நல்ல விஷயம்தான்.

12 மார்ச், வெள்ளி

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

மதியம் சுஷ்மா கெஸ்ட் புக் வேலை செய்கிறதா என்று பார்க்க லைன் போட்டாள். வெளியே போன பிறகு அதை யாருமே திறந்து பார்த்ததில்லை. "மேடம்" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "மேடம், நீங்க வந்து பாக்காதீங்க" என்றாள். அப்படிச் சொன்னால் யார் பார்க்காமல் இருப்பார்கள்?

முதல் இரங்கல் பாலசந்திரனுடையது. எம்.ஏ. வகுப்பில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தவர். இப்போது சிகாகோவில் இருக்கிறாராம். பஸ்ஸில் பயணச் சீட்டின் பின்புறத்தில்கூட எங்கள் ஆங்கிலத்தைத் திருத்துவாள், அவளுக்குப் பயந்தே நான் ஒழுங்காக எழுதக் கற்றேன் என்று எழுதியிருக்கிறார். பிறகு இன்னொருவர். கர்வக்காரி, ஆனால் பொய் சொல்லாதவள் என்று. பிறகு யாரென்றே நினைவில்லாத ஒரு பெண். அவள் எனக்காக அழுதிருக்கிறாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

சிவப்புப் பட்டையைக் காணவில்லை. படம் இருக்கிறது, மாலை இருக்கிறது, பட்டை இல்லை. லைன் அறுந்தபோது அந்த ஒரு படம் மட்டும் போய்ச் சேரவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததால் நாங்கள் பார்க்கும்போதெல்லாம் இருந்தது. மருமகன் நேரே இந்தப் பக்கத்தின் முகவரியையே எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். பன்னிரண்டு நாளாக நான் அங்கே செத்துப்போயிருக்கிறேன்.

கடைசி இரங்கல். ஆங்கில எழுத்தில் தமிழ்:

அக்கா, பாலசந்திரன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. இருந்தாலும் தலையோடு குளித்தேன். நான் யாருமில்லை என்றால் யாருக்காகக் குளித்தேன்? — ஹம்ஸா.

ஐயோ. நான் என்ன பண்ணியிருக்கேன்.

அதே நாள், மாலை

சுஷ்மா பக்கத்தை எடுத்துவிட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பக்கத்தை எடுத்தாள்.

நான் இருப்பதாகப் பாலசந்திரனுக்கு நானே எழுதினேன். 'நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஒரு வாக்கியத்தில் இவ்வளவு அபத்தம் இருந்து நான் பார்த்ததில்லை. ஹம்ஸாவுக்கு எழுத முடியவில்லை. எங்கள் ஊர் போன் எண்கள் ஆறு இலக்கமாக மாறியதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளால் இங்கே கூப்பிட்டிருக்கவே முடியாது. காலையில் கௌரி கூப்பிடுவான்.

13 மார்ச், சனி

கௌரி கூப்பிட்டான். ஹம்ஸாவின் கணவர்தான் எடுத்தார். அவள் இல்லை, நேற்றே கிளம்பிவிட்டாள். விமானத்தில் இருக்கிறாள்.

அம்மாவுக்கு வராதவள் எனக்கு வருகிறாள்.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் திருத்த ஒன்றுமில்லை.

பெங்களூர் விமான நிலையத்துக்குத் தானே போய், பக்குவமாகச் சொல்லி அழைத்து வருவதாகக் கௌரி சொன்னான். "நீ வாசல்ல போய் நிக்காதே அக்கா. தயவு பண்ணி."

15 மார்ச், திங்கள்

கௌரி அங்கே காத்திருக்க, அவள் பம்பாயிலிருந்து வேறு விமானம் பிடித்து முன்னாலேயே இறங்கிவிட்டாள். டாக்ஸி வைத்துக்கொண்டு நேரே யாதவகிரிக்கு வந்தாள்.

பின்னால் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டு, ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடியே முன்பக்கம் வந்தேன்.

ஹம்ஸா. தலை பாதி நரைத்திருந்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலறவில்லை. முதலில் என் கால்களைத்தான் பார்த்தாள். பேய்க்குக் கால் தரையில் படாது என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லி பயமுறுத்தியவள் நான்தான்.

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். சொம்பு முழுவதும் குடித்தாள். நான் நின்றுகொண்டே விளக்கினேன். மாதிரிப் பக்கம், என் விதி, லைன் அறுந்தது, பட்டை போகாதது. வகுப்பு எடுப்பதுபோல் இருந்தது. நிறுத்தவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அப்ப அதை எழுதினது கௌரி இல்லையா?" என்றாள்.

"இல்லை. நான்."

"எல்லா வரியுமா?"

"எல்லா வரியும்."

சொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள். "வழி முழுக்க அவனை என்ன கேக்கறதுன்னு யோசிச்சுட்டே வந்தேன். எரிச்சதையும் சொல்லல, என் பேரையும் எடுத்துட்டான்னு. அக்கா எழுதியிருந்தா என் பேரைப் போட்டிருப்பான்னு நினைச்சேன்."

ஈரப் புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் காலில் விழுந்துகொண்டிருந்தது.

"செத்துப்போனவளை மன்னிச்சுட்டுத்தான் ப்ளேன் ஏறினேன். உயிரோட இருக்கறவளை என்ன பண்றதுன்னு தெரியல."

பையை எடுத்துக்கொண்டாள். டாக்ஸி இன்னும் போகவில்லை. போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. சாவு வீட்டிலிருந்து அப்படித்தான் போவார்கள்.

16 மார்ச், செவ்வாய்

ஹம்ஸா கௌரி வீட்டில் இருக்கிறாள். மனிஷாவோடு பேசுகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். என் பெயரை யாரும் எடுப்பதில்லையாம்.

17 மார்ச், புதன்

நாளை யுகாதி. பூ மார்க்கெட்டில் கூட்டம் நெரியும் நாளில் கடையை விட்டுவிட்டு சித்தையன் ஆபீசுக்கு ஏறி வந்திருந்தார். இப்போது என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"எங்க பக்கம் காக்கா தலையில தட்டிருச்சுன்னா, ஆளு செத்துப்போச்சுன்னு ஒறம்பறைச் சனத்துக்குப் பொய்யாச் சொல்லியனுப்புவாங்க அம்மிணி. அவங்க வந்து அழுவாங்க. கண்டம் போயிரும், ஆயுசு கெட்டி."

எனக்குக் காக்கை எதுவும் தட்டவில்லை என்றேன்.

"இருக்கட்டுமுங்க. ஆனா அழுதவங்களுக்கு அந்த ஆளே தன் கையால சோறு போடோணும். சாப்பிடாம அனுப்புனா தோசமுங்க."

"எனக்கா?"

"அழுதவங்களுக்குங்க."

ஆயுசும் தோஷமும் எனக்கு நம்பிக்கையில்லாத சரக்கு. ஆனால் மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் தள்ளிவைக்க முடியவில்லை.

18 மார்ச், வியாழன்

கௌரி வீட்டுக்குப் போனேன். ஹம்ஸா கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். மனிஷா உள்ளே போய்விட்டாள். அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது, சொல்ல என்னிடம் ஒரு வாக்கியமும் தயாராக இல்லை.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "எதுக்கு? உன் பதினாறாம் நாளா?"

"ஆமாம்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. செய்தித்தாளைத் திருப்பினாள். வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

21 மார்ச், ஞாயிறு

வந்தாள்.

உள்ளே வந்ததும் நேரே சமையலறைக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்த்தாள். "வாழைக்காய் பண்ணலையே? காரியத்துச் சாப்பாடுன்னா வாழைக்காய் வேணுமே." கத்திரிக்காய்தான் என்றேன். மோர்க்குழம்பைக் கரண்டியில் எடுத்து முகர்ந்தாள். அம்மா மாதிரிதான் செய்திருந்தேன். எனக்கு வேறு மாதிரி வராது.

பரிமாறினேன். நான் அவளோடு உட்காரவில்லை. சாப்பிட்டாள். ரசத்துக்குச் சாதம் கேட்டாள், போட்டேன்.

பிறகு, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அம்மாவுக்கு வரணும்னுதான் இருந்தேன். அப்ப நாட்டை விட்டுப் போனா திரும்ப விட மாட்டாங்கன்னு வக்கீல் சொன்னான். எல்லாரையும் கேட்டுக் கேட்டு உக்காந்திருந்தேன். இந்தத் தடவை யாரையும் கேக்கல."

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு கேள்வி.

"தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்துதா?"

நிமிர்ந்து பார்த்தாள். எதைக் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டாள். "வெளிய பனி பெஞ்சுட்டு இருந்தது. வெந்நீர்ல குளிக்கலாமா கூடாதான்னு தெரியல. கேக்கறதுக்கு அங்க யாரு இருக்கா? பச்சைத் தண்ணிதான் ஊத்திண்டேன்."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில், வெறும் தரையில். அவள் எச்சில் கை காய்ந்துபோகும் வரை அப்படியே இருந்தோம்.

கேட் வரை போனேன். தாழ்ப்பாளைத் திறந்தாள். வெளியே கால் வைத்தாள். தெருவில் ஆட்டோ ஒன்றும் இல்லை. திரும்பி நின்றாள்.

"வரேன்" என்றாள்.

3 ஏப்ரல், சனி

ஹம்ஸா நேற்று கிளம்பினாள். ஆபீஸ் எண், வீட்டு எண் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். சரியாக இருக்கிறதா என்று அவள் முன்னாலேயே இரண்டு எண்களுக்கும் டயல் செய்து காட்டினேன். சிரித்தாள். "நீ இன்னும் திருத்தறதை விடல."

19 ஏப்ரல், திங்கள்

இப்போது எங்கள் ஆபீசில் சரிபார்ப்பது வெளியே போனதை மட்டும்தான். லைன் அறுந்தாலும், போன் வராவிட்டாலும். கௌரி முணுமுணுக்கிறான், செய்கிறான்.

சித்தையனின் தளத்துக்கு முதல் உண்மையான பக்கம் வந்திருக்கிறது. அனுப்பியவர் ஹம்ஸா, நியூஜெர்சி. அம்மாவுக்கு. வியாபாரத்துக்கு அப்பாவைத் தராத கௌரி இதைத் தடுக்கவில்லை. துயரில் இருப்போர் கட்டத்தை அவளே நிரப்பியிருந்தாள். முதலில் என் பெயர், பிறகு அவள், பிறகு கௌரி. சித்தையன் சம்பங்கி மாலையைத் தானே எடுத்துக்கொண்டு யாதவகிரிக்கு வந்து அம்மா படத்துக்குப் போட்டுவிட்டுப் போனார்.

27 ஏப்ரல், செவ்வாய்

'எங்களைப் பற்றி' பக்கம் எங்கே என்று கௌரி மறுபடி கேட்டான். சரித்திரம் நாலு வரியில் முடிந்தது. பண்பாட்டுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தபோது சுஷ்மா சுவரில் ஒட்டியிருக்கும் தாள் கண்ணில் பட்டது. மாலை ஆறு மணியிலிருந்து ஆறரை வரை யாரும் இன்டர்நெட் போடக் கூடாது. அவளாகவே எழுதி ஒட்டினாள். அந்த நேரத்தில் ஹம்ஸாவுக்கு அங்கே காலை.

அதையே எழுதினேன். வாடிக்கையாளர்களுக்கு இது எதற்கு என்று கௌரி கேட்பான் என்று நினைத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். "அப்படியே இருக்கட்டும்" என்றான்.

ஆறு அடித்ததும் சுஷ்மா இணைப்பைத் துண்டித்தாள். மூன்று பேரும் வேலை செய்வதுபோல் இருந்தோம். போன் மணி அடித்தபோது மற்ற இருவரும் எழுந்திருக்கவில்லை.